ஆறாம் அறைப் பெடியன்

விரலை உதறினாள். உதறிய பிறகுதான் வலித்தது. ஈரத்துணிக் குவியலுக்குள் கிடந்த ஊசி சுட்டுவிரலில் ஏறி நின்றது. பிடுங்கி எறிந்தாள். அது சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் பட்டுத் துள்ளி வாய்க்காலுக்குள் விழுந்தது. விரல் நுனியில் இரத்தம் பொட்டாக எழும்பி, உருண்டு, வழிந்தது.

"றோஸி!" என்று கத்தினாள் கனகேஸ்வரி. "எடியே றோஸி! உனக்குக் கண் என்ன பிடரியிலயோ இருக்கு?"

தாதி றோஸி பின்கதவால் ஓடிவந்தாள். விரலைக் கண்டதும் வாயில் கை வைத்தாள்.

"எந்த ரூம் துணி அக்கா அது?"

கனகேஸ்வரி குவியலைப் பார்த்தாள். "ஆறு."

றோஸி நடைபாதைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவசரத்துல உட்டுட்டேன் போல. அந்த ரூமுக்குள்ள நின்னு வேல பாக்கவே பயமா இருக்குக்கா. டொக்டர்கிட்ட சொல்லட்டா?"

"சொல்லி? நீ சொல்ல, அவர் ஆரையாவது கேக்க, அது கேற்றுக்கு வெளியில போக? பேசாமல் போய் டெற்றோலை எடுத்துக்கொண்டு வா."

டெற்றோல் எரித்தது. றோஸி பிளாஸ்ரர் ஒட்டினாள். யாராவது கேட்டால் மீன் முள் என்று சொல்வதாக முடிவாயிற்று. அது வியாழக்கிழமை காலை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது அந்த நேர்சிங் ஹோம். மாடிவீடு ஒன்றை வாங்கித் தட்டியடித்துப் பத்து அறையாக்கியது. பிள்ளைப்பேறும் சின்னச் சின்ன வெட்டுக் கொத்தும் நடக்கும். டொக்டர் சவுந்தரநாயகத்தின் சொந்த இடம். கனகேஸ்வரி அங்கே துணி தோய்ப்பவள், அறை கூட்டுபவள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள். பின்பக்கத்தில் தகரம் போட்ட அறையில் தங்கினாள். வடக்கே கைதடியிலிருந்து தொண்ணூற்றைந்துச் சண்டையில் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டவள். புருஷன் அதற்கு முன்பே பிரான்சுக்குப் போயிருந்தான். போனவன் அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, அவன் அனுப்பிய சீலைகளை எல்லாம் பழைய துணிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, வாங்கிய சில்வர் சட்டியில் அன்றே சோறு வடித்தவள். வாய்க்காரி என்று பெயர். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர்கள் அவளைக் கண்டால் தாங்களாகவே செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவள் இந்த விரலுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் ஆறாம் அறை.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு பெடியனை வேனில் கொண்டுவந்து, பின்கதவால் ஏற்றினார்கள். டொக்டர் எல்லோரையும் குசினிக்குள் கூப்பிட்டார். "ஆறாம் அறையில இருக்கிற பெடியனைப் பற்றி வெளியில ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. பேர் கேக்க வேண்டாம். கதவு எப்பவும் சாத்தியிருக்க வேணும்" என்றார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் சண்டை. கொழும்பில் அப்படி ஒரு வாக்கியத்துக்குத் தமிழர் மத்தியில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. சமையல்காரி மட்டும், "கால் போயிருக்குமோ?" என்றாள். இரண்டு காலும் இருக்கிறது என்று றோஸி சொன்னாள். "அப்ப உள்காயம்" என்றாள் சமையல்காரி. எல்லோருக்கும் பயம். பயத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. கனகேஸ்வரியின் தங்கை மகன் ஒருவன் இயக்கத்துக்குப் போய் உடலும் வராமல் முடிந்தவன். அவள் ஆறாம் அறைச் சாப்பாட்டில் சொல்லாமல் ஒரு முட்டையைச் சேர்த்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஹோர்லிக்ஸ் கொண்டுபோனபோது பெடியன் எழும்பி உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. இருமல் விடவில்லை.

"அக்கா, கைக்கு என்ன?"

மற்றவர்களுக்குச் சொன்ன மீன் முள்ளை அவனுக்குச் சொல்ல வரவில்லை. அவனிடம் எதற்கு மறைப்பு என்று நினைத்தாள்.

"உங்கட ஊசிதான். துணிக்குள்ள கிடந்தது. அது காரியமில்லை, நீங்கள் குடியுங்கோ."

அவன் கோப்பையை வாங்கவில்லை. "எப்ப?"

"வியாழக்கிழமை."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"அவருக்கு ஏன் சொல்லுவான்? தம்பி, உங்கட நிலைமை எங்களுக்குத் தெரியும். இங்க ஒருதரும் வாய் திறக்க மாட்டினம். பயப்பிடாதேங்கோ."

"என்ன நிலைமை?"

"நாங்கள் என்ன சின்னப்பிள்ளையளே? நீங்கள் எந்தப் பக்கத்தில இருந்து வந்தனீங்கள் எண்டு விளங்காதே?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது.

"அக்கா, நான் இங்க பக்கத்துத் தெஹிவளை. பேர் சிவபாலன். கட்டாரில ஹோட்டல் ஒண்டில ஆறு வருஷம் வேலை செய்தனான். சண்டையை நான் ரீவியிலதான் பார்த்தனான்." பிறகு, சுவரைப் பார்த்தபடி, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்றான்.

கனகேஸ்வரி தட்டத்தை வைத்தாள். கோப்பையை எடுத்தாள். அதைச் சுவரில் அடித்தாள். ஹோர்லிக்ஸ் அவன் தலைக்கு மேலாகத் தெறித்து வழிந்தது.

"நாசமறுவானே! உனக்கு முட்டை அவிச்சுத் தந்தனே! உன்ர துணியைத் தோய்க்கிறது ஒரு மனிசி எண்டு யோசிச்சனியே? மிசின் எண்டு நினைச்சனியே?"

"உங்களுக்குச் சொல்லியிருக்கிறார் எண்டுதான் நினைச்சன். அந்த நேர்ஸ் பிள்ளை வெறுங்கையால ஊசி போடேக்க, கையுறை போடுங்கோ எண்டு சொன்னனான். அவ கும்பிடாத குறையாய்ச் சிரிச்சிட்டு வெறுங்கையாலயே போட்டா. ஏன் சிரிச்சவ எண்டு இப்பதான் விளங்குது."

"டொக்டருக்குத் தெரியுமே?"

"தெரியும். வேற ஒரு இடமும் என்னை எடுக்கேல்ல. இவர் எடுத்தார், ஒருதருக்கும் மூச்சு விடக்கூடாது எண்ட கொண்டிசனில." அவன் கட்டிலை விட்டு இறங்கினான். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, பிறகு ஏசுங்கோ. இருந்து ஏசுங்கோ. இப்ப கேளுங்கோ. இதுக்குக் குளிசை இருக்கு. ஊசி குத்தினால் மூண்டு நாளுக்குள்ள தொடங்கினால் கிருமியைப் பிடிக்க விடாது. பிந்தினால் வேலை செய்யாது. அரசாங்கக் கிளினிக்கில சும்மா தருவினம். இண்டைக்குப் பன்னிரண்டுக்குப் பூட்டினால் வெசாக் லீவு முடியத்தான் திறப்பினம். இப்பவே போங்கோ."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்து நீட்டினான். "நான் எந்த மருந்து எடுக்கிறன் எண்டு கேப்பினம். இதைக் காட்டுங்கோ."

அவன் விரல் தன் விரலில் படாமல் போத்தலை வாங்கினாள். வாங்கிய பிறகு அதற்காகவும் ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

டொக்டர் சவுந்தரநாயகம் நோயாளி பார்க்கும் அறையில் தனியாக இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்தார்.

"இரும் கனகேஸ்வரி."

"இருக்க வரேல்ல."

"ஒரு சின்னக் குத்து. முன்னூறு பேருக்குக் குத்தினால் ஒராளுக்கு வந்தாலும் வரும். மூண்டு மாசம் கழிச்சு ஒரு ரெஸ்ற் எடுப்பம். நானே செய்விக்கிறன்."

"குளிசை இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அங்க போனால் எந்த இடத்தில குத்தினது எண்டு கேப்பினம். நாளைக்கு வெள்ளவத்தை முழுக்கக் கதை. பிறகு பிள்ளைப்பேற்றுக்கு ஆர் இங்க வருவினம்? உமக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. கொஞ்சம் யோசியும்."

"உம்முடைய ஊசி என்ர கையில குத்தேக்க நீர் யோசிச்சனீரோ?"

ஒன்பது வருஷமாக அவருக்கு 'நீங்கள்' போட்டவள். அவருக்கு முதலில் எட்டியது ஊசியல்ல, அந்த 'நீர்'தான். முகம் கறுத்தது.

"ஆரோட கதைக்கிறீர்?"

"ஐ.சி.யைத் தாரும். நான் போக வேணும்."

தங்கி வேலை செய்யும் எல்லோருடைய அடையாள அட்டையும் அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. பொலிஸ் சுற்றிவளைத்தால் நானே எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டிவிடுவேன், உங்களுக்குக் கரைச்சல் இல்லை என்று சொல்லி வாங்கி வைத்தவர். வெளியே போவதென்றால் கேட்டு வாங்க வேண்டும், வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொலிஸ் பதிவும் அப்படித்தான். இன்னார் வீட்டில் இன்னார் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் போய்ச் சொன்னால்தான் பதிவு. வடக்கில் பிறந்த ஒருத்தி கொழும்பில் அந்த இரண்டும் இல்லாமல் காலி வீதியைக்கூடக் கடக்க முடியாது.

டொக்டர் லாச்சியின் மேல் கையை வைத்தார். "கோவத்தில வெளியில போகாதையும். உம்மட பதிவு என்ர பேரில இருக்கு. இவ இங்க இல்லை எண்டு நான் ஒரு சொல் சொன்னால் இரவைக்கு எங்க படுப்பீர்?"

கனகேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

சனிக்கிழமை என்பதால் கூடம் நிறைந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள், அவர்களின் தாய்மார், கைக்குழந்தைகள். ஆறாம் அறையில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு நிமிஷத்தில் கூடம் காலியாகும், நாளைக்கு நேர்சிங் ஹோம் இழுத்து மூடப்படும். அந்த வரி அவளுடைய நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த வரிக்குப் பிறகு அந்தப் பெடியனைத் தெருவில் இழுத்துப் போடுவார்கள் என்பதும் கூடவே வந்தது. அவன்மேல் அவளுக்கு இரக்கம் இல்லை. அந்த நேரத்தில் அவனைக் கண்டால் இன்னொரு கோப்பை எறிந்திருப்பாள். ஆனாலும் அது அவனுடைய வாயால் வரவேண்டிய சொல். அவள் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கத்தினாள்.

"டொக்டர் என்ர ஐ.சி.யைப் பறிச்சு வச்சிருக்கிறார்! கேட்டாலும் தரமாட்டாராம்! பொலிசுக்குச் சொல்லுவாராம்!"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மகளைக் கூட்டிவந்திருந்த ரபீக்கா என்ற முஸ்லிம் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பினார்.

"என்ன டொக்டர் இது? ஆர்மிக்காரன் பாத்துட்டாவது திருப்பித் தாறான். நீங்க லாச்சில வெச்சிப் பூட்டுறீங்களா? அந்த மனிசிட ஐசியக் குடுங்க."

"போன மாசம் எங்கட தம்பியை ஐ.சி. இல்லையெண்டுதான் பிடிச்சு ஏத்தினவங்கள்" என்றார் சுவரோரம் நின்ற ஒருவர். "இன்னும் கொண்டுவந்து விடேல்ல. அதைக் குடும்!"

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைக் கதை இருந்தது. ஒன்றும் கனகேஸ்வரியைப் பற்றியதல்ல. ஆனால் எல்லாம் டொக்டரின் மேல் போய் விழுந்தது. டொக்டர் சவுந்தரநாயகம் வாசலுக்கு வந்து, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "ஏதோ விளங்காமல் கத்துறா" என்று சொல்லியபடி அட்டையை நீட்டினார். அவள் பறித்தாள்.

கேற்றடியில் றோஸியின் அண்ணன் ஹியூபேட் ஓட்டோவோடு நின்றான். கொட்டாஞ்சேனைக்காரன். இரவு வேலை முடிந்த தங்கையை ஏற்ற வந்தவன்.

"றோஸி பஸ்ஸில வரட்டும். நீர் என்னை ஏத்தும்."

"எங்க போகணும்க்கா?"

"சொல்லுறன். ஓடும்."

காலி வீதியில் புத்தர் பண்டிகைக்கு வெசாக் வெளிச்சக்கூடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணிகளுக்கும் பஸ்களுக்கும் இடையில் புகுந்து பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடி வரை வந்துவிட்டார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரி ஒருத்தி அட்டையைப் பார்த்தாள், பிறந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு கனகேஸ்வரியைப் பார்த்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள். வெள்ளைப் போத்தல் உருண்டது.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டபடி மூடியைத் திறந்து குலுக்கினாள்.

"பெஹெத்." மருந்து என்றாள் கனகேஸ்வரி.

"யாருக்கு? வன்னிக்கா?"

வன்னிக்கு மருந்து கடத்துவதாகப் பிடித்தால் அதன் பிறகு கிளினிக் இல்லை, வெசாக்கும் இல்லை. வரிசை பின்னால் நீண்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கனகேஸ்வரிக்கு உச்சந்தலை கொதித்தது. சிங்களம் தானாக வந்தது.

"மகே. மட்ட ஏட்ஸ்!" என்னுடையதுதான், எனக்கு ஏட்ஸ் என்று வீதிக்கே கேட்கக் கத்தினாள்.

பொலிஸ்காரி போத்தலைக் கீழே போட்டாள். கையைக் காற்சட்டையில் துடைத்தாள். மூன்று அடி பின்னால் போய் நின்றுகொண்டு, போ போ என்று விரலால் காட்டினாள். கனகேஸ்வரி குனிந்து குளிசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போத்தலில் போட்டாள். அவள் பொறுக்கி முடிக்கும்வரை யாரும் கிட்ட வரவில்லை.

ஓட்டோ கொஞ்சத் தூரம் போய் ஓரமாக நின்றது.

"எறங்குங்கக்கா."

"என்ன?"

"இது நான் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்துற வண்டிக்கா. எறங்கிடுங்க."

"உம்முடைய வண்டியில குந்தினால் ஒட்டுமே? ஒட்டுறதெண்டால் வீட்டில போய்ப் பாரும்! உம்முடைய தங்கச்சி விட்ட ஊசிதான் என்ர கையில குத்தினது. வருத்தக்காரப் பெடியனுக்குத் தினமும் வெறுங்கையால ஊசி போட்டவ ஆர்? உம்முடைய தங்கச்சி!"

ஹியூபேட் திரும்பிப் பார்த்தான். "றோஸியா? அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தால் போடுவாளே? எங்கள் ஒருதருக்கும் தெரியாது. நாங்கள் வேற நினைச்சம்."

"வேறன்னா என்ன?"

அவள் சொல்லவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. "சவுந்தரநாயகம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துச் சொன்னான். அதன் பிறகு வண்டியைக் கிளப்பி, அவள் சொன்ன கிளினிக்குக்கு ஓட்டினான்.

கிளினிக்கில் வாசல் காவலாளி கதவின் ஒரு பாதியைச் சாத்தியிருந்தான். மற்றப் பாதியில் கனகேஸ்வரி தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். புதன்கிழமை வரச் சொன்னான். "புதனெண்டால் சவப்பெட்டியிலதான் வருவன்" என்றாள், தமிழில். அவனுக்கு விளங்கவில்லை. தோளை எடுக்கப் போவதில்லை என்பது விளங்கியது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் டொக்டர் வந்தார். நரைமயிர், றப்பர்ச் செருப்பு. போத்தலைக் கண்டதும் காவலாளியை விலகச் சொன்னார்.

விரலைப் பார்த்தார், போத்தலை வாசித்தார், இரத்தம் எடுத்தார். எடுத்த ஊசியை அவள் கண்முன்னே மஞ்சள் பெட்டிக்குள் போட்டார். இந்த மருந்து ஒரு மாதம், ஒரு வேளையும் விடாமல் எடுக்க வேண்டும் என்று மெதுவான சிங்களத்தில் சொன்னார். குமட்டும், நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் சத்தியம் பண்ண முடியாது. முதல் நாளே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அந்த நேர்ஸ் பிள்ளையும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். வாசலில் நின்ற ஹியூபேட் இதற்குத் தலையாட்டினான்.

முதல் குளிசையை அங்கேயே விழுங்க வைத்தார். பிறகு கேட்டார்.

"ஏன் வியாழக்கிழமையே வரவில்லை?"

கனகேஸ்வரி குத்துப்பட்ட விரலைப் பார்த்தாள்.

"பயமா?" என்றார் டொக்டர்.

"ஓம். பயம்."

"இந்த நோய்க்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. இப்போது மருந்து இருக்கிறது. உங்கள் ஆட்கள் வெட்கத்தால்தான் சாகிறார்கள்."

நல்ல மனிசி. கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவைக் கேட்டதும் கனகேஸ்வரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். எதற்குப் பயந்தோம் என்று இந்த மேசையில், இந்த மனிசிக்கு, எந்தச் சிங்களத்தில் சொல்வது? ஒரு காய்ச்சல்காரனைப் போராளி என்று நினைத்து இரண்டு நாள் விரலை மூடி வைத்திருந்தேன் என்றால், மருந்து தந்த கையே போனை எடுக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எடுக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் சொல்ல முடியாது.

"உங்களுக்கு விளங்காது மிஸ்ஸி" என்று தமிழில் சொன்னாள். மேசையில் இருந்த பொதியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று, யாரையென்று இல்லாமல், வாய் வலிக்கும் வரை ஏசினாள். டொக்டர் சவுந்தரநாயகத்தை, கட்டாரை, பிரான்சுக்குப் போனவனை, இரண்டு பக்கத்துத் துவக்குக்காரரையும், ஒரு முட்டையை. ஹியூபேட் ஓட்டோவுக்குள் இருந்து, அவள் முடிக்கும்வரை காத்திருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கனகேஸ்வரி கொட்டாஞ்சேனையில், றோஸி வீட்டில் எழும்பினாள். முந்தின நாள் பின்னேரமே அவளுடைய உடுப்புகள் நேர்சிங் ஹோம் கேற்றுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. இரண்டு துண்டுப் பாண் தின்று குளிசையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தி எடுத்தாள். குளிசை வெளியே வரவில்லை. ஹியூபேட் அவளைப் பதிவுக்காகப் பொலிசுக்குக் கூட்டிப்போனான். வெசாக் முடிந்து வரச் சொன்னார்கள். றோஸி வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்கப் படுத்திருந்தாள். மத்தியானம் சமையல்காரி போனில் கதைத்தாள். ஆறாம் அறை காலி, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், பெடியனை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது என்றாள். அவனுடைய வெள்ளைப் போத்தல் கனகேஸ்வரியின் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. பின்னேரம் மழை பெய்தது. கனகேஸ்வரி இரவுக் குளிசையை எடுத்துவிட்டுப் படுத்தாள்.